கியாஸ்க் டேப்லெட் வாங்கப் போகிறவர்கள், நாங்கள் ஏமாந்த கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்

காலையில் கிளினிக்கைத் திறந்தால், டோக்கன் போடும் ஆறு கியாஸ்க் டேப்லெட்டில் (வருகிறவர்கள் தாங்களே தட்டிப் பயன்படுத்த, ஒரே ஆப்பை மட்டும் காட்டும்படி வைப்பவை) நான்கில் எங்கள் ஆப்பே இல்லை. வெறும் ஹோம் ஸ்கிரீன்தான் இருக்கிறது. ஒரு பெரியவர் திரையில் தெரிந்த மலைப் படத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா நம்பர் போடறது?" என்று ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் கேட்கிறார். அதற்குள் பக்கத்து டேப்லெட்டில் ஒரு சிறுவன் யூடியூபைத் திறந்து சத்தத்தையும் கூட்டிவிட்டான். மீதி இரண்டு டேப்லெட்டும் அந்த வாரம் முடிவதற்குள் அதே வழிக்குப் போயின.

நாங்கள் வாங்கியது 2020-ல். விற்றவர்கள் கியாஸ்க்கில் ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர்கள். பெயர் போடவில்லை, போட்டால் வேறு தலைவலி. அவர்கள் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்றுதான்: "கரன்ட் வந்தா ஆப் வந்துடும் சார், நீங்க தொடவே வேண்டாம்." எங்கள் கண் முன்னாலேயே டேப்லெட்டை அணைத்து ஆன் செய்து காட்டினார்கள். ஒரு நிமிடத்தில் எங்கள் லோகோ வந்தது, எல்லோருக்கும் திருப்தி, கையெழுத்துப் போட்டோம். வருடப் பராமரிப்புக்கும் சேர்த்தே பணம் கட்டினோம். டேப்லெட்டில் ஆண்ட்ராய்டு 9 இருந்தது. ஒன்பதாக இருந்தால் என்ன, பத்தாக இருந்தால் என்ன என்றுதான் நானும் நினைத்தேன்.

எட்டு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம்தான் அந்தக் காலை. சிஸ்டம் அப்டேட் வந்து ஆண்ட்ராய்டு 10 ஆகிவிட்டிருந்தது. போன் போட்டதும் அங்கிருந்து வந்த பதில்: "சார், கூகுள் அப்டேட்ல போயிடுச்சு சார், திடீர்னு வந்துடுச்சு சார். எல்லாருக்கும் இதே பிரச்சினைதான், நாங்க என்ன பண்ண முடியும்?" பராமரிப்பு ஒப்பந்தத்தில் இது வராதாம். 'பிரீமியம் லாக்' என்று ஒன்று இருக்கிறதாம், அதைப் போட்டால் சரியாகிவிடுமாம், ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் தனித்தனியாகக் கட்டணமாம். நிர்வாகத்தில் பேசி முடிவெடுக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் ரிசப்ஷன் பெண்தான் தினமும் அரை மணி நேரம் முன்னால் வந்து ஆறையும் கையால் திறந்து வைத்தார். கடைசியில் பணத்தைக் கட்டினோம்.

என்ன நடந்தது என்று எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. ஆண்ட்ராய்டு ஆன் ஆகி முடிந்ததும், கேட்டு வைத்திருக்கும் ஆப்களுக்கெல்லாம் 'பூட் கம்ப்ளீட்டட்' என்று ஓர் அறிவிப்பை அனுப்பும். எங்கள் ஆப் அதற்காகக் காத்திருந்து, வந்ததும் தன் திரையைத் தானே திறந்துகொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. ஆண்ட்ராய்டு 9 வரை இது வேலை செய்யும். 10-ல் இருந்து, பின்னணியில் இருக்கும் ஆப் நினைத்த நேரத்தில் திரையில் வந்து குதிக்க முடியாது. அறிவிப்பு போகும், ஆப்பும் எழுந்திருக்கும், திரையைத் திறக்கச் சொல்லிக் கேட்கும், சிஸ்டம் சத்தமில்லாமல் மறுத்துவிடும். திரையில் ஒரு பிழைச் செய்திகூட வராது. அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு ஆப் எங்கேயோ தொலைந்துபோன மாதிரி இருக்கும்.

இந்தத் தடை சரியானது என்றுதான் நான் சொல்வேன். நாம் எதையோ படித்துக்கொண்டிருக்கும்போது ஏதோ ஓர் ஆப் விளம்பரத்தைத் தூக்கி முகத்தில் அடிப்பதை எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். அதனால் கூகுள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் எங்கே என்றால், ஆண்ட்ராய்டு 10 வெளிவந்தது 2019 செப்டம்பரில். இந்தக் கட்டுப்பாடும், எந்தெந்த ஆப்களுக்கு விலக்கு உண்டு என்பதும் டெவலப்பர்களுக்கான பக்கங்களில் அப்போதே இருந்தன. எங்களுக்கு விற்றது அதற்கு அடுத்த வருடம். "திடீர்னு வந்துடுச்சு சார்" என்று சொன்னது பச்சைப் பொய். தெரியாமல் விற்றிருந்தால் ஸ்பெஷலிஸ்ட் இல்லை, தெரிந்தே விற்றிருந்தால் அதற்கு வேறு பெயர்.

சரி, அந்த பிரீமியம் லாக்குக்கு வருவோம். ஒரு பையன் வந்தான். ஒவ்வொரு டேப்லெட்டிலும் செட்டிங்ஸுக்குள் போய் எதையோ தட்டினான், ஆப்பின் புதுப் பதிப்பைப் போட்டான், "செக்யூரிட்டிக்கு" என்று சொல்லி ஸ்கிரீன் லாக்குக்கு ஒரு பின் நம்பரும் வைத்தான். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆன் செய்தோம், ஆப் தானாக வந்தது, பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் தட்டியது 'மற்ற ஆப்களின் மேல் காட்டு' என்ற அனுமதி. அந்த விலக்குகளில் அதுவும் ஒன்று. யார் வேண்டுமானாலும் போடக்கூடிய சுவிட்ச், ஒரு டேப்லெட்டுக்கு பத்து வினாடி ஆகும். அதற்குத்தான் ஆறு லைசென்ஸ் என்று பில்.

அதுவாவது நிலைத்ததா என்றால் இல்லை. ஒருநாள் யுபிஎஸ் மக்கர் செய்து மின்சாரம் போய் வந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டும் டேப்லெட்கள் அவை, ஆறும் ரீஸ்டார்ட் ஆகிப் பின் நம்பர் கேட்டுக்கொண்டு நின்றன. லாக் வைத்த சாதனத்தில், ஆன் ஆனபின் ஒருமுறையாவது யாராவது திறந்தால்தான் அந்த 'பூட் கம்ப்ளீட்டட்' அறிவிப்பே கிளம்பும். ஆளில்லாமல் தானாக எழ வேண்டிய மெஷினுக்குப் பின் நம்பர் வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிற வேலை. அந்த நம்பர் எங்களில் யாருக்கும் தெரியாது. பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். இரண்டு நாள் கழித்து எப்படியோ பிடித்து வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு நாளில் எங்கள் ஆபீஸிலேயே ஒருவர், ஆர்வக் கோளாறில், ஒரு டேப்லெட்டின் பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டார். திரும்பி வந்த டேப்லெட், முன்பு இதில் இருந்த கூகுள் கணக்கைக் கொடு என்றது. திருட்டுப் போனால் பயன்படாமல் இருக்க 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1-ல் வந்த பாதுகாப்பு அது. இருந்த கணக்கு யாருடையது? அந்தப் பையனுடைய சொந்த ஜிமெயில்! பிளே ஸ்டோரில் இருந்து ஆப்பை இறக்க, ஆறிலும் தன் கணக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதனாலேயே பிளே ஸ்டோரும் பின்னால் இருந்துகொண்டு ஆப்பை அப்டேட் செய்தபடி இருந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பை அப்டேட் செய்தால் அது மூடிவிடும், மறுபடி தானாகத் திரைக்கு வராது. நடுவில் சில மதியங்களில் ஏதாவது ஒரு டேப்லெட் மட்டும் ஹோம் ஸ்கிரீனுக்குப் போய் நின்றதன் மர்மம் இதுதான். நாங்கள் குழந்தைகளைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

உறவுக்காரப் பையன் ஒருவன் ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவன். பொறுக்க முடியாமல் அவனைக் கூப்பிட்டேன். வந்ததும் திரையின் அடியில் இருந்து மேலே இழுத்தான், ஆப் ஒதுங்கி ஹோம் ஸ்கிரீன் வந்தது. "மாமா, இது லாக்கே இல்ல, சும்மா ஆப்பைத் திறந்து வெச்சிருக்காங்க" என்றான். டேப்லெட்டை லேப்டாப்போடு இணைத்து ஒரு கட்டளை கொடுத்துப் பார்த்தான். 'டிவைஸ் ஓனர்' என்ற இடத்தில் எதுவுமே இல்லை.

கியாஸ்க் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் இந்த டிவைஸ் ஓனர்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓர் ஆப்பைச் சாதனத்தின் உரிமையாளராக நியமிக்கும் வசதி ஆண்ட்ராய்டு 5-லேயே, அதாவது 2014-லேயே வந்துவிட்டது. அப்படி நியமித்த ஆப்பை அந்தப் பின்னணித் தடை தொடாது. எந்த ஆப் திரையைப் பூட்டலாம் என்று அது பட்டியல் போடலாம், பூட்டினால் ஹோம் பட்டனும் நோட்டிஃபிகேஷனும் வேலை செய்யாது. தன்னையே ஹோம் ஆப்பாக, அதாவது ஹோம் ஸ்கிரீன் இருக்கும் இடத்தில் வரும் ஆப்பாக, நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். இதுதான் முக்கியம், ஏனென்றால் ஹோம் ஆப்பைச் சிஸ்டமே திறந்துவிடும், அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. சிஸ்டம் அப்டேட்டை இரவு இத்தனை மணிக்கு மட்டும் போடு என்று சொல்லலாம், 30 நாள் வரை தள்ளிப்போடலாம், ஆண்ட்ராய்டு 9-ல் இருந்து 90 நாள் வரை நிறுத்தியும் வைக்கலாம். நிரந்தரமாக நிறுத்த விடாது, பாதுகாப்புத் திருத்தங்கள் வர வேண்டுமே, அதுவும் நியாயம்தான். ஆனால் ஒரு டேப்லெட்டில் அப்டேட் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு விட அவ்வளவு அவகாசம் தாராளம்.

இவ்வளவும் இருக்க இவர்கள் ஏன் செய்யவில்லை? சாதனம் புதிதாக, கணக்கு எதுவும் போடாத நிலையில் இருக்கும்போதுதான் டிவைஸ் ஓனரை நியமிக்க முடியும். வரவேற்புத் திரையில் ஆறு தடவை தட்டினால் க்யூஆர் கோடு கேட்கும், அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆப்பையும் அதற்குத் தகுந்தபடி எழுதியிருக்க வேண்டும். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

ஆகவே வாங்கும்போது அவர்கள் காட்டும் டெமோவை நம்பாதீர்கள், டெமோவில் எல்லாமே ஓடும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகச் சொல்லுங்கள், கையால் எதையும் தொடக் கூடாது. வரவேண்டிய சிஸ்டம் அப்டேட் எல்லாவற்றையும் உங்கள் எதிரிலேயே போட்டுவிட்டு அதற்கப்புறம் ஒருமுறை ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். செட்டிங்ஸைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், டிவைஸ் ஓனர் இருந்தால் இந்தச் சாதனத்தை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். கணக்குகள் பக்கத்தில் யாருடைய ஜிமெயிலாவது இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்டேட்டால் ஆப் திறக்காமல் போனால் யார் செலவில் சரிசெய்வது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள், எங்களுடையதில் அந்த வரி இல்லாததுதான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. இதெல்லாம் முடியும்வரை கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.

எங்கள் கதை? உறவுக்காரப் பையன் ஐந்து டேப்லெட்டையும், கணக்கை எடுத்துவிட்டு, ரீசெட் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முறையாகப் போட்டுக் கொடுத்தான். அதற்கப்புறம் ஒரு பெரிய அப்டேட் வந்து போய்விட்டது, ரிசப்ஷன் பெண் இப்போது வழக்கமான நேரத்துக்குத்தான் வருகிறார். ஆறாவது இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, கரன்ட் கொடுத்தால் பின் நம்பர் வைத்த அந்தப் பையனின் ஜிமெயிலைக் கேட்கும்.

போன வாரம் அவர்களிடமிருந்து பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி போன் வந்தது. டிவைஸ் ஓனர் போட்டுத் தருவீர்களா என்று மட்டும் கேட்டேன். "டெக்னிக்கல் டீம்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போல.