பட்டம் மறுக்கப்பட்டவர்கள் இன்றைய தராசில் ஏறினால்

குத்துச்சண்டை ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது: அந்தக் காலத்து ஆளை இன்றைய ரிங்கில் இறக்கினால் தாங்குவானா? வழக்கமாக அலியையும் டைசனையும்தான் இழுப்பார்கள். எனக்கு ஆர்வமெல்லாம் உலகப் பட்டத்தின் பக்கமே விடாமல் ஓரங்கட்டப்பட்டவர்கள் மேல்தான். பெரும்பாலும் கறுப்பின வீரர்கள். அவர்களை ஜெயித்தாலும் வசூல் பெரிதாக இராது, தோற்றால் பட்டம் போய்விடும் என்று சாம்பியன்கள் நழுவிக்கொண்டார்கள்.

முதலில் தராசைப் பார்த்துவிடுவோம், பாதி வாதங்கள் வழுக்கி விழுவது அங்கேதான். 1940களில் முக்கியமான எடைப் பிரிவுகள் எட்டு. இன்று 17, பட்டம் வழங்கும் சங்கங்களில் டபிள்யூபிசி 2020லும் டபிள்யூபிஏ அதன் பிறகும் பிரிட்ஜர்வெயிட்டை (ஹெவிவெயிட்டுக்குச் சற்றுக் கீழான பிரிவு) சேர்த்து 18 ஆக்கிக்கொண்டன. அன்று சண்டை நாளிலேயே எடை பார்த்தார்கள். இன்று முந்தின நாளே பார்த்துவிடுகிறார்கள். உடம்பில் தண்ணீரை வற்றவைத்து 154 பவுண்டு காட்டிவிட்டு, மறுநாள் இரவு 10, 15 பவுண்டு கூடுதலாக ரிங்கில் ஏறுகிறவர்கள் ஏராளம். ஆக, அன்றைய 155 பவுண்டு ஆளுக்கு இன்றைய இடம் 147 அல்லது 154 பவுண்டுப் பிரிவு. அன்றைய மிடில்வெயிட்டை (160 பவுண்டு வரை) இன்றைய மிடில்வெயிட்டோடு மோதவிடுவது, பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று வீடு மாறிப் போய்ப் பெண் பார்ப்பது போல.

சார்லி பர்லியிலிருந்து தொடங்குகிறேன். பிட்ஸ்பர்க்காரர், 5 அடி 9 அங்குலம். ஏறக்குறைய 100 சண்டைகள், ஒன்றில்கூட நாக் அவுட் ஆனதில்லை. 1942ல் தன்னைவிட 60 பவுண்டுக்கும் மேல் கனமான ஜே.டி. டர்னரை ஆறாவது சுற்றில் முடித்தார். 1944ல் ஹாலிவுட்டில் ஆர்ச்சி மூரைப் பலமுறை தரையில் விழவைத்துப் புள்ளிகளில் ஜெயித்தார். தான் மோதியவர்களிலேயே சிறந்தவர் பர்லிதான் என்று மூர் பின்னாளில் சொன்னார். அந்த மூர் 1952ல் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். பர்லிக்கு ஓர் உலகப் பட்டச் சண்டைகூடக் கிடைக்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் குப்பை அள்ளும் வேலையில் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

அவர் சண்டை போட்ட படம் என்று பரவலாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, 1946ல் ஓக்லண்ட் பில்லி ஸ்மித்துடன். பார்த்தால் முதலில் எரிச்சல் வரும். கைகள் கீழே தொங்குகின்றன, ஆள் சும்மா நிற்கிறாரோ என்று தோன்றும். கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஸ்மித்தின் குத்து வரும்போது இடுப்பு மட்டும் லேசாகச் சாய்கிறது, குத்து காற்றோடு போகிறது, கால் நகர்ந்த இடமே தெரியவில்லை. அடுத்த கணம் எங்கிருந்தோ ஒரு வலது.

இவரை 154ல் செபாஸ்டியன் ஃபண்டோரா முன் நிறுத்துவோம். 2024ல் பட்டம் வென்றவர், 6 அடி 5 அரை அங்குலம், இடதுகை நிலை. உயரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அந்த உயரத்தை வைத்துக்கொண்டு அவர் உள்ளே வந்து மோதத்தான் விரும்புகிறார். 2023ல் முன்னிலையில் இருந்த சண்டையில் பிரையன் மெண்டோசாவின் இடது ஹூக்கில் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) சரிந்தது அப்படித்தான். எதிர்க்குத்துக்கே பிறந்த பர்லிக்கு இது லட்டு. டெரன்ஸ் க்ராஃபோர்ட் விஷயம் வேறு. வெல்டர்வெயிட் சாம்பியன் எரல் ஸ்பென்ஸை 2023ல் பிரித்துப் போட்ட க்ராஃபோர்ட் இடது நிலை, வலது நிலை மாறி மாறி ஆடுவார், எதிராளி எதைக் காட்டினாலும் மூன்று சுற்றில் படித்துவிடுவார். பர்லியின் காலத்தில் இடதுகை நிலைக்காரர்களே அபூர்வம். மனசு பர்லி பக்கம்தான், பந்தயம் கட்டச் சொன்னால் க்ராஃபோர்ட், புள்ளிகளில்.

சாம் லாங்ஃபோர்ட் கதை இன்னும் பெரியது. நோவா ஸ்கோஷியாவில் பிறந்து பாஸ்டனில் வளர்ந்த இவருக்கு 5 அடி 7 அங்குலம்தான், ஆனால் கைகள் உயரத்துக்கு மீறி நீளம். 1903ல் லைட்வெயிட் சாம்பியன் ஜோ கான்ஸை ஜெயித்தார், பட்டம் பணயத்தில் இல்லை. 1904ல் வெல்டர்வெயிட் சாம்பியன் ஜோ வால்காட்டோடு டிரா. 1906ல் சுமார் 30 பவுண்டு கனம் கூடிய ஜாக் ஜான்சனிடம் 15 சுற்று நின்று தோற்றார். ஜான்சன் 1908ல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆன பிறகு லாங்ஃபோர்டுக்கு வாய்ப்பே தரவில்லை.

லாங்ஃபோர்டை நேராக ஹெவிவெயிட் வீரர் உசிக்கோடு மோதவிடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. 2024 மே மாதம் இன்னொரு ஹெவிவெயிட்டான ஃப்யூரியைச் சந்தித்தபோது உசிக் 223 பவுண்டுக்கு மேல், ஃப்யூரி 262. லாங்ஃபோர்டு அங்கே அடிபடுவார், அவ்வளவுதான். அவருக்குரிய இடம் 168, நீட்டினால் 175. குட்டை ஆள் அங்கே தாக்குப்பிடிப்பாரா என்றால், கனெலோ அல்வாரெஸும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். 2019ல் 175க்கு ஏறி கோவலெவை 11வது சுற்றில் வீழ்த்தினார். ஆனால் 2022ல் அதே எடையில் சாம்பியன் பிவோலின் ஜாபுக்கும் (முன்கையை நேராக நீட்டி விடும் குத்து) கால்வேகத்துக்கும் மூச்சு வாங்கித் தோற்றார். 20 சுற்றுச் சண்டைகளில் ஊறிய லாங்ஃபோர்டுக்கு மூச்சு போகாது. அவர் பிரச்சினை 12 சுற்றோடு மணி அடித்துவிடும் என்பது. 168ல் கனெலோவை அவர் அடிப்பார் என்பேன். பிவோலிடம் எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

ஒன்று மட்டும் உறுதி. 1917 வாக்கில் லாங்ஃபோர்டுக்கு ஒரு கண் போனது. கிட்டத்தட்டப் பார்வையே இல்லாமல் 1923ல் மெக்சிகோ ஹெவிவெயிட் பட்டம் வென்றார். இன்றைய மருத்துவப் பரிசோதனையில் அதில் பாதிச் சண்டைக்குக்கூட அனுமதி கிடைத்திருக்காது.

ஹோல்மன் வில்லியம்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பர்லிக்குச் சமமான கலைஞர், கை எலும்புகள்தான் காலை வாரின. இன்றைய கையுறை, கட்டு, அறுவை சிகிச்சை, வருடத்துக்கு இரண்டே சண்டை என்ற சொகுசு, எல்லாமே அவருக்கு வரம். ஆனால் மாதத்துக்கு இரண்டு முறை ரிங் ஏறிக் கற்ற வித்தை வருடத்துக்கு இரண்டில் வருமா? ஆளை அப்படியே தூக்கிவந்தால் ஒரு பதில், இந்தக் காலத்திலேயே பிறந்து வளர்ந்தால் வேறு பதில். நான் தூக்கிவருகிற கட்சி.

கடைசியாக லாய்ட் மார்ஷல். எஸ்ஸார்ட் சார்ல்ஸை 1943ல் பலமுறை சாய்த்து எட்டாவது சுற்றில் முடித்தார், 1944ல் லமோட்டாவை ஜெயித்தார், 1947ல் லண்டனில் ஃப்ரெடி மில்ஸை நாக் அவுட் செய்தார். மூவரும் பிறகு உலக சாம்பியன்கள். மார்ஷலுக்கு உலகப் பட்டச் சண்டைகூடக் கிடைக்கவில்லை. இன்று பட்டம் வழங்க நாலு சங்கங்கள், சங்கம் சொல்லும் ஆளோடு சாம்பியன் மோதியாக வேண்டும் என்கிற கட்டாயப் போட்டியாளர் விதி, இதெல்லாம் இருக்கிறதே என்பார்கள். டேவிட் பெனவிடெஸ் 2022லேயே 168ல் டபிள்யூபிசி இடைக்காலப் பட்டம் வாங்கிவிட்டு கனெலோவுக்காகக் காத்திருந்தார். வாய்ப்பு வராமலே 2024ல் 175க்கு ஏறினார். மார்ஷலும் பெனவிடெஸும் 168ல் மோதட்டும்: முதல் நாலு சுற்றில் மார்ஷலின் இடது ஹூக் ஒருமுறையாவது பெனவிடெஸை உட்காரவைக்கும், ஒன்பதாவதில் குத்து மழை தாங்காமல் மார்ஷல் கயிற்றோரம் ஒதுங்குவார்.