மேக்கில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை: கோப்புப் பெயரின் கேப்பிடல் தொல்லைக்கு மூன்று வழிகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டெப்ளாய் செய்யக் கூடாது (புது நிரலைச் சர்வரில் ஏற்றக் கூடாது) என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும்; தெரிந்தேதான் செய்தோம். என் மேக்கில் ஓடியது. கூட வேலை பார்க்கும் நண்பரின் விண்டோஸிலும் ஓடியது. நிரலைத் தொகுத்துத் தரும் லினக்ஸ் பில்ட் சர்வர் மட்டும் ‘மாட்யூல் கிடைக்கவில்லை’ என்று நின்றுவிட்டது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது. கேஷை அழித்தோம், பேக்கேஜ்களை மறுபடி இறக்கினோம், முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால், ‘ஹெடர்’ என்ற கோப்பின் பெயர் ஸ்மால் ஹெச்சில் தொடங்குகிறது. அதைக் கூப்பிடும் இம்போர்ட் வரியில் கேப்பிடல் ஹெச்.

(இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஒரு வேடிக்கை. நம் எழுத்தில் கேப்பிடல், ஸ்மால் என்பதே கிடையாது. அந்த இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து எழுதினால் ஒன்றாகத்தான் தெரியும். மேக்கும் விண்டோஸும் பார்ப்பது கிட்டத்தட்ட இப்படித்தான்.)

காரணம் பலருக்குத் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் கோப்புகளை டிஸ்கில் நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4, பெயரை வெறும் பைட்டுகளாகப் பார்க்கிறது. ஒரு பைட் மாறினாலும் வேறு கோப்பு. விண்டோஸில் என்டிஎஃப்எஸ், மேக்கில் ஏபிஎஃப்எஸ் இரண்டும் நீங்கள் வைத்த கேஸை (கேப்பிடலா ஸ்மாலா என்பதை) அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளும், ஆனால் வழக்கமான அமைப்பில், தேடும்போது அதைப் பொருட்படுத்தாது. அதே ஏபிஎஃப்எஸ் ஐபோனில் கேஸ் பார்க்கும். மேக்கின் சிமுலேட்டரில் தெரிந்த படம் கையில் இருக்கும் போனில் காணாமல் போவது அதனால்தான்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. வேலை செய்யும் டிஸ்கையே கேஸ் பார்க்கும்படி மாற்றிவிடுவது ஒன்று. கோடு (நிரல்) எழுதும்போதே கேஸைப் பொருட்படுத்தாமல் ஒப்பிடுவது இரண்டு. எல்லாப் பெயரையும் ஸ்மால் லெட்டரில் வைத்து, மீறினால் பில்டையே நிறுத்திவிடுவது மூன்று. மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். இப்போது நிற்பது மூன்றாவதில். எனவே இது நடுநிலையான ஒப்பீடு இல்லை.

டிஸ்கை மாற்றும் வழியில்தான் நான் முதலில் போனேன். மேக்கில் அது சுலபம். டிஸ்க் யுடிலிட்டியில் ‘கேஸ் சென்சிட்டிவ்’ ஏபிஎஃப்எஸ் வால்யூம் (டிஸ்கின் தனிப் பகுதி) ஒன்றைச் சேர்த்தால் போதும். ஒரே ஏபிஎஃப்எஸ் கன்டெய்னரில் (பொது இடத்தில்) இருக்கும் வால்யூம்கள் இடத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் பார்ட்டிஷன் பிரிக்க வேண்டியதில்லை. கோடு மட்டும் அங்கே, மற்றதெல்லாம் பழைய இடத்தில். மொத்த டிஸ்கையும் அப்படி மாற்றிவிடாதீர்கள். அதில் நிறுவ மறுக்கும் மென்பொருள்கள் உண்டு. விண்டோஸ் 10இல், 2018இல் வந்த 1803 பதிப்பிலிருந்து ஒரு ஃபோல்டரை மட்டும் கேஸ் பார்க்கும்படி எஃப்எஸ்யுடில் கட்டளையால் மாற்றலாம். ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டர்கள் தானாக மாறாது. விண்டோஸ் பக்கம் எனக்குச் சில வாரப் பழக்கம்தான்; அங்கே இதை நம்பி வருஷக்கணக்கில் வேலை செய்தவர்கள் சொல்வதை என்னைவிட அதிகம் நம்புங்கள்.

முதல் ஆறு மாதம் சொர்க்கம். தப்பான கேஸில் இம்போர்ட் எழுதினால் என் மேக்கே உடனே பிழை காட்டியது. அப்புறம் லேப்டாப் ரிப்பேருக்குப் போனது. மாற்றாகத் தந்த மெஷினில் அந்த வால்யூம் இல்லை, எனக்கும் ஞாபகம் இல்லை. இரண்டு வாரம் கழித்து அதே பிழை. அடுத்த மாதம் புதிதாக ஒரு தம்பி சேர்ந்தார். செட்டப் குறிப்பில் ‘முதலில் தனி வால்யூம் செய்யவும்’ என்று எழுதி வைத்திருந்தோம். அவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். எல்லாம் ஓடுகிறதே, எதற்கு அது என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை.

‘நாங்கள் டாக்கரில்தான் ஓட்டுகிறோம், அது லினக்ஸ்தானே’ என்று நானும் கொஞ்ச நாள் தைரியமாக இருந்தேன். டாக்கர் மென்பொருளை அடைத்து ஓட்டும் பெட்டியான கன்டெய்னர் லினக்ஸ்தான். ஆனால் மேக்கின் ஃபோல்டரை உள்ளே மவுன்ட் செய்தால் கூடவே மேக்கின் குணமும் வந்துவிடுகிறது. கன்டெய்னர் எதிலிருந்து உருவாகிறதோ அந்த இமேஜுக்குள் கோடைக் காப்பி செய்து பில்ட் செய்தால்தான் உண்மை வெளியே வரும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2லும் இதே கதை: லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்குள் இருந்தால் எக்ஸ்ட்4, சி டிரைவைத் தொட்டால் என்டிஎஃப்எஸ்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புதான். டிஸ்கில் செய்யும் தீர்வு மெஷினோடு போய்விடும். புது லேப்டாப், புது ஆள், ஃபார்மட் என்று எது நடந்தாலும் யாராவது ஞாபகம் வைத்து மறுபடி செய்ய வேண்டும். மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாம் நன்றாக ஓடுவதுபோல் இருக்கும். ரெப்போவுக்குள் (குழுவின் கோடு மொத்தமும் இருக்கும் இடம்) இருக்கும் தீர்வு அப்படியல்ல, அதைக் குளோன் (நகல்) செய்கிறவரோடு கூடவே வந்துவிடுகிறது. ஐந்து பேர் குழுவில் வருஷத்துக்கு இரண்டு மெஷின் மாறினால்கூட இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தனியாக ஒரே மெஷினில் வேலை செய்கிறவருக்கு நான் சொல்வது அவ்வளவாகப் பொருந்தாது. அவருக்கு வால்யூமே போதும்.

கோடிலேயே கேஸைப் புறக்கணிக்கும் வழி மேலோட்டமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். இரண்டு பெயரையும் ஸ்மாலாக்கி ஒப்பிட்டால் முடிந்தது அல்லவா? முடியாது. எப்படி ஸ்மாலாக்குவது என்பதில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விதி. ஜாவாவில் லொகேல் (எந்த மொழியின் விதி என்பது) சொல்லாமல் ஸ்மாலாக்கினால், துருக்கி மொழி அமைப்பில் ஓடும் மெஷினில் கேப்பிடல் ஐ புள்ளியில்லாத ஐயாக மாறும். பைத்தானின் கேஸ்ஃபோல்ட், ஜெர்மன் எஸ்செட் எழுத்தை இரண்டு எஸ்ஸாக விரிக்கும். என்டிஎஃப்எஸ் தனது அட்டவணையை வைத்து எழுத்துக்கு எழுத்துதான் மாற்றும், விரிக்காது. அதாவது உங்கள் கோடு ஒன்று என்று நினைக்கும் இரண்டு பெயர்கள் டிஸ்கில் இரண்டு கோப்புகளாக இருக்கலாம். பைத்தானின் நார்ம்கேஸ் ஃபங்ஷன் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். விண்டோஸில் அது ஸ்மாலாக்குகிறது. மேக்கில் பெயரைத் தொடுவதே இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயரைக் கேட்டு முடிவெடுப்பதே சரியில்லை, கேஸ் பார்ப்பது வால்யூமின் குணம், சில இடங்களில் ஃபோல்டரின் குணம். கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, கேஸை மாற்றித் திறந்து பார்ப்பதுதான் நம்பகமான வழி.

கோடும் டிஸ்கும் பெயரை வேறு வேறு விதமாகப் பார்க்கும் ஆபத்துக்கு, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளே சாட்சி. தன் அமைப்புகளை வைத்திருக்கும் ‘.கிட்’ ஃபோல்டருக்குள் யாரும் கோப்பு வைத்துவிடக் கூடாது என்று அது ஏற்கெனவே தடுத்து வைத்திருந்தது. ஆனால் கேப்பிடலில் எழுதிய ‘.கிட்’டைத் தடுக்கவில்லை. மேக்கிலும் விண்டோஸிலும் இரண்டும் ஒரே ஃபோல்டர் அல்லவா? அந்த வழியாக, குளோன் செய்கிறவரின் கான்ஃபிக் கோப்பையே மாற்றி எழுத முடிந்தது. 2014 டிசம்பரில் 2.2.1 பதிப்பில் அதை அடைத்தார்கள். கிட் எழுதுகிறவர்களுக்கே தப்பியது என்றால், அவசரத்தில் நான் எழுதும் ஒப்பீட்டு ஃபங்ஷனை எந்த தைரியத்தில் நம்புவது?

சரி, மூன்றாவது வழி. கோப்பு, ஃபோல்டர் எல்லாம் ஸ்மால் லெட்டர், வார்த்தைகளுக்கு நடுவே ஹைஃபன். சிஐயில் (கோடு மாறும்போதெல்லாம் பில்டையும் சோதனையையும் தானாக ஓட்டும் ஏற்பாடு) கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளை தரும் கோப்புப் பட்டியலை வாங்கி, கேப்பிடல் எழுத்து ஒன்று இருந்தாலும் பில்டை நிறுத்தும் மூன்று வரி ஸ்கிரிப்ட். அவ்வளவுதான்.

‘எதற்கு இவ்வளவு கறார்? இரண்டு பெயர்கள் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதாதா?’ என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். மோதலைக் கண்டுபிடிப்பது தோன்றுவதைவிடக் கஷ்டம். பட்டியலை ஸ்மாலாக்கி, வரிசைப்படுத்தி, இரட்டை வரிகளைத் தேடினால் கோப்புகள் மாட்டும். ஆனால் கேப்பிடல் ஐ போட்ட ‘இமேஜஸ்’ ஃபோல்டரில் ஒரு படமும் ஸ்மால் ஐ போட்டதில் வேறொரு படமும் இருந்தால் முழுப் பாதைகள் வேறு வேறு, எனவே மாட்டாது. லினக்ஸில் அவை இரண்டு ஃபோல்டர், மேக்கில் ஒன்றாகக் கலந்துவிடும். பாதையின் ஒவ்வொரு படியையும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும். கேப்பிடலே கூடாது என்ற விதிக்கு இந்தத் தலைவலி இல்லை. இன்னொரு லாபமும் உண்டு: இம்போர்ட் வரியில் பாதைக்குள் கேப்பிடல் தெரிந்தாலே அது தப்பு, கிரெப் என்ற தேடும் கட்டளை ஒன்றில் பிடித்துவிடலாம். டைப்ஸ்கிரிப்டில் கேஸ் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் அமைப்பு 5.0 பதிப்பிலிருந்து தானாகவே ஆன் ஆகியிருக்கிறது. ஆனால் அது சிஎஸ்எஸ்ஸில் எழுதிய படத்தின் முகவரியைப் பார்க்காது.

மாற்றும்போது ஒரு நாள் கஷ்டம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஃபைண்டரில் பெயரை மாற்றினால் கிட்டுக்குத் தெரியவே தெரியாது. குளோன் செய்யும்போதே டிஸ்கைச் சோதித்து, கேஸைப் பொருட்படுத்தாதே என்று தன் இக்னோர்கேஸ் அமைப்பில் அது எழுதிக்கொண்டுவிடும். அதைக் கையால் அணைக்கச் சொல்லும் அறிவுரைகளைப் பின்பற்ற வேண்டாம். நான் செய்து, ஒரே கோப்பு இரண்டு பெயரில் கிட்டின் கோப்புப் பட்டியலான இன்டெக்ஸில் ஏறி, அதைப் பிரிக்கவே அரை நாள் ஆனது. பெயர் மாற்ற கிட் எம்வி கட்டளை போதும். ஃபோல்டர் என்றால் நடுவில் தற்காலிகப் பெயர் ஒன்று வைத்து இரண்டு தடவை மாற்றுங்கள். இதையெல்லாம்விட எரிச்சலானது, வெளியிலிருந்து எங்கள் படங்களுக்கு வரும் பழைய லிங்குகள். எங்கள் லினக்ஸ் சர்வரில் முகவரியும் கேஸ் பார்க்கும். முந்நூற்றுச் சொச்சம் ரீடைரக்ட் எழுதினோம்.

எல்லா இடத்திலும் இந்த விதி செல்லாது. மேக்ஃபைல், டாக்கர்ஃபைல் போன்றவற்றுக்கு விலக்குப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறோம். ஜாவாவில் பப்ளிக் கிளாஸின் பெயரும் கோப்பின் பெயரும் ஒத்திருக்க வேண்டும், பிஎச்பியில் கிளாஸ் கோப்புகளைத் தேடி ஏற்றும் விதியான பிஎஸ்ஆர்-4ம் அதே கட்சி. அங்கே கேப்பிடலைத் தடுக்க முடியாது, படிப்படியாகப் பார்க்கும் மோதல் சோதனைதான் கதி. லினக்ஸ் கர்னலிலோ கேஸே அர்த்தம் தாங்கி நிற்கிறது: நெட்வொர்க் பாக்கெட்டுகளை வடிகட்டும் நெட்ஃபில்டரில் ‘எக்ஸ்டி_டிசிபிஎம்எஸ்எஸ்’ என்பது கேப்பிடலில் ஒரு கோப்பு, ஸ்மாலில் இன்னொன்று. முதலாவது டார்கெட் (பாக்கெட்டை என்ன செய்வது), அடுத்தது மேட்ச் (எந்தப் பாக்கெட் என்று பார்ப்பது). வழக்கமான மேக் டிஸ்கில் கர்னலைக் குளோன் செய்தால் எதையும் தொடாமலே சில கோப்புகள் மாறியதாகக் காட்டும். அந்த வேலைக்கு முதல் வழிதான், வேறு பேச்சில்லை.

சர்வரையே கேஸ் பார்க்காமல் இருக்கச் சொல்லும் தலைகீழ் வழியும் உண்டு. 2019இல் வந்த லினக்ஸ் 5.2 முதல் எக்ஸ்ட்4இல் காலி ஃபோல்டருக்கு அப்படி ஓர் அமைப்பு (ஃபிளாக்) வைக்கலாம். ஒரு டெஸ்ட் மெஷினில் வைத்துப் பார்த்ததோடு சரி. உண்மையான டிராஃபிக்கில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் அளவுக்கு ஓட்டவில்லை.

யூசர் ஏற்றும் கோப்புகளுக்கு மூன்று வழியுமே வேண்டாம். அவர் வைத்த பெயரை டேட்டாபேஸில் வையுங்கள், டிஸ்கில் ஐடியை மட்டும் வையுங்கள். இதை நான் கேப்பிடலால் கற்றுக்கொள்ளவில்லை, தமிழால் கற்றுக்கொண்டேன். ‘கொடி’ என்ற பெயரில் ஒரே படம் சர்வரில் இரண்டு தடவை தெரிந்தது. கேப்பிடலே இல்லாத மொழியில் இது எப்படி? யூனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஏபிஎஃப்எஸ்ஸுக்கு முன் மேக்கில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். பழைய மேக்கிலிருந்து ஒருவர் ஏற்றியதும் விண்டோஸிலிருந்து இன்னொருவர் ஏற்றியதும் திரையில் ஒன்றுபோல் இருந்தன. எக்ஸ்ட்4க்கு பைட்டுகள் வேறு; வேறு கோப்பு.