பாயிண்டா, எலெக்ட்ரானிக்கா: உப்புக்காற்றுக்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டர் தாங்கும்?

குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம் பக்கம் அம்பாசடரோ பத்மினியோ வைத்திருந்தால் முதலில் மக்கர் பண்ணுவது பாயிண்ட்தான்; ஸ்பார்க்கை சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை அது. ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் 3, 4 ஆம்பியரும் அந்தச் சின்ன முனை வழியாகவே போகிறது. வண்டி சும்மா நிற்கும் நாட்களில்தான் உப்புக்காற்று முனையில் படலம் பிடிக்க வைக்கும். காலையில் செல்ஃப் சுற்றும், ஸ்பார்க் வராது. எமரி பேப்பர் போடாதீர்கள், துகள் தங்கிவிடும். மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு போதும்.

பாயிண்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி சுமார் 0.4 மி.மீ. ஷாஃப்டின் மேடான கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய அது குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், ஸ்பார்க் விழும் நேரமான டைமிங் பின்தங்கும். ஏற்றத்தில் இழுவை போய்விடும். அதனால் முதலில் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இடைவெளி, பிறகுதான் டைமிங். மாற்றிச் செய்தால் இரண்டாவது முறையும் செய்ய வேண்டிவரும். முனை சீக்கிரமே குழி விழுந்தால் முனையில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள்.

எலெக்ட்ரானிக்கில் உரசல் இல்லை. ஷாஃப்டில் நாலு பல் சக்கரம், பக்கத்தில் பல் கடப்பதை உணரும் பிக்கப். காயிலின் மின்னோட்டத்தைத் துண்டிப்பது மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர். காந்த பிக்கப் தரும் சிக்னல் வேகத்தைப் பொறுத்தது. பேட்டரி சோர்ந்து மெதுவாகச் சுற்றினால் சிக்னலும் இளைக்கும். இன்னொரு வகை பிக்கப்பான ஹால் சென்சாருக்கு அந்தக் குறை இல்லை. என் ஓட்டு ஹாலுக்கு.

குறை மாட்யூலில். பாயிண்ட் முனகி முனகித்தான் சாகும்; இது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அடியில் சூட்டைக் கடத்தும் வெப்பப் பசை பூசாமல் திருகிவிடுவது வழக்கமான கொலை. எர்த் முனை பச்சை பூத்திருந்தாலும் அதே கதி.

மழை விஷயத்தில் இரண்டும் ஒன்றே. இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. மழையில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிதான். மூடியும் அதற்குள் சுழலும் ரோட்டரும் இரண்டிலும் ஒரே மாதிரி. உள்ளே பென்சில் கோடு போலக் கரிக்கோடு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியையே மாற்றுங்கள். எலெக்ட்ரானிக்கின் கூடுதல் வோல்ட் அந்தக் கோட்டில் இன்னும் சுலபமாக ஓடும்.

கடலோரம் நிறுத்தும் வண்டிக்கு எலெக்ட்ரானிக்தான். பேச்சிப்பாறை மேலே, மாட்யூல் கிடைக்காத இடங்களில் சுற்றுபவருக்கு, ஃபீலர் கேஜ் பிடிக்கத் தெரிந்தால், பாயிண்ட். எலெக்ட்ரானிக் போட்டவர் கழற்றிய பாயிண்ட் தட்டையும் கண்டென்சரையும் டிக்கியில் வைத்திருக்கட்டும். ஆனால் காயிலையும் 1.5 ஓமுக்கு மாற்றியிருந்தால் பாயிண்டைத் திரும்ப மாட்டும்போது பேலஸ்ட் ரெசிஸ்டரும் (மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) வேண்டும். பாயிண்டுக்கு மொத்தம் 3 ஓம் வேண்டும், இல்லையேல் முனை கருகும்.