தார் ரோட்டுக் குதிரைக்கு இரும்பு லாடமா, வெறுங்குளம்பா, பூட்ஸா?

குதிரைக் குளம்பு மாதத்துக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் வளரும். தரை அதைவிட வேகமாகத் தேய்த்தால் காப்பு வேண்டும். தேய்மானம் அதற்குள் அடங்கினால் பெரும்பாலும் வேண்டாம். லாடமா, குளம்பில் மாட்டும் பூட்ஸா என்ற வாக்குவாதத்தில் பாதி, இந்தக் கணக்கைப் போடாததால் வருவது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் ரோடு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். நாள் முழுக்க ஆளேற்றி அதில் நடக்கும் குதிரைக்கும், ஞாயிறு காலையில் மட்டும் தோப்புப் பாதையில் போகும் குதிரைக்கும் ஒரே விடை பொருந்தாது.

இரும்பு லாடத்தின் பெரிய பலம், குளம்புக்குப் பதிலாக அது தேய்கிறது என்பதுதான். செலவும் குறைவு. குறை என்னவென்றால், தாரில் வழுக்கும். வண்டி ஓடி வழவழப்பான தார், ஜீப்ரா கிராசிங் பெயின்ட், மேன்ஹோல் மூடி, கோடைக்குப் பின் விழும் முதல் மழை: நான்குமே இரும்புக்கு ஆகாதவை. டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த ஆணியைப் போட்டால் பிடிப்பு கிடைக்கும். ஆனால் அளவோடு போட வேண்டும். தரையில் படும்போது குளம்பு இயல்பாகவே கொஞ்சம் சறுக்கித்தான் நிற்கும். அந்தச் சறுக்கலை முழுக்க அடைத்தால் அதிர்ச்சி மூட்டுக்கும் தசைநாணுக்கும் போகும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் ஒவ்வொரு அடியிலும் கால் முறுகும். போடுவதானால் இருபுறமும் ஒரே உயரத்தில்.

ஆணி அடிக்கும் இடம் இன்னும் முக்கியம். காலுக்கு வழக்கமாக 6 முதல் 8 ஆணி; எல்லாம் குளம்பின் மிக அகன்ற இடத்துக்கு முன்னாலேயே முடிய வேண்டும். எடை ஏறும்போது குளம்பின் பின்பகுதி விரியும், அங்கே ஆணி அடித்தால் விரிய இடமில்லை. மாட்டு லாடம் அடிப்பவர் கைத்திறன் உள்ளவராகவே இருக்கலாம். ஆனால் மாட்டுக்குப் பிளவுக் குளம்பு, லாடமும் தனித்தனித் தகடு. குதிரைக் குளம்பைச் சீவிப் பழகாதவரிடம் குதிரையைக் கொடுக்கக் கூடாது. 5, 6 வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். லாடம் தேயவில்லையே என்று தள்ளிப்போட்டால் முன்நுனி நீண்டு, பின்பக்க தசைநாண் இழுபடும்.

அலுமினிய லாடம் பந்தயத்துக்கானது. எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும் தாரில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வெறுங்குளம்புக்குத் தாரில் பிடிப்பு நன்றாக இருக்கும். உள்ளங்குளம்பின் நடுவிலுள்ள முக்கோண ஃபிராக்கும் பின்பகுதியும் தரையைத் தொட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் லாடத்தைக் கழற்றிய மறுநாளே ரோட்டில் ஏறினால் குதிரை நொண்டும். பழைய ஆணித் துளைகள் கீழிறங்கி, உள்ளங்குளம்பு தடிக்க மாதங்கள் ஆகும். முன்நுனி முழுக்கப் புதிதாக வளர ஏறக்குறைய ஒரு வருடம். பழகிய குதிரையும் சரளைக் கல்லில் தடுமாறலாம். அது அடியைக் குறுக்கி, பாதையோரப் புல்லைத் தேடி ஒதுங்கினால் அடம் என்று நினைத்து உதைக்காதீர்கள், வலி அது. மழைக்காலத்தில் ஈரக் கொட்டிலில் நின்றால் ஃபிராக் ஓரம் கறுத்து அழுகி நாறும். அப்போது எந்தக் குளம்பும் ரோட்டுக்கு லாயக்கில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவது பூட்ஸ். சவாரிக்கு மாட்டி, முடிந்ததும் கழற்றிவிடலாம். அமெரிக்காவில் ஒரே நாளில் 160 கிலோமீட்டர் மலைப்பாதை ஓடும் டெவிஸ் கப் சவாரியில்கூட பூட்ஸ் போட்ட குதிரைகள் ஓடியிருக்கின்றன. தோல்வி பெரும்பாலும் அளவில்தான். குளம்பைச் சீவிய ஓரிரு நாளுக்குள் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும்: அகலம் மிக அகன்ற இடத்தில்; நீளம் முன்நுனியிலிருந்து பின்பக்கச் சுவர் தரையில் முடியும் இடம்வரை. அதற்குப் பின்னால் புடைத்திருக்கும் மென்மையான குமிழைச் சேர்த்து அளந்தால் பூட்ஸ் பெரிதாகி, திருப்பத்தில் சுழன்றுவிடும். இடது வலது தனித்தனியாக அளக்கவும். முதல் தடவை 20 நிமிடம் மட்டும் நடத்தி, கழற்றி, குமிழிலும் அதற்கு மேலுள்ள தோலிலும் முடி உதிர்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உள்ளே மாட்டும் ஒரு சிறு கல் போதும், தோல் பிய்ந்துவிடும். சேற்றில் கழன்றுபோவதும் உண்டு. ஒட்டும் பிளாஸ்டிக் லாடமும் தாரைப் பிடிக்கும், அதிர்ச்சியைக் குறைக்கும். ஆனால் குளம்பு ஒட்ட உலர்ந்திருந்தால்தான் பசை நிற்கும் என்பதால் மழைக்காலத்தில் நம்ப முடியாது.

வாரத்தில் சில மணி நேரச் சவாரிக்கு வெறுங்குளம்பும், சரளையும் தாரும் வரும் நாளில் முன்னங்கால்களுக்குப் பூட்ஸும் போதும் என்பதே எங்கள் கணிப்பு. எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்காலில்தான் இறங்குகிறது. நாள் முழுக்கத் தாரில் உழைக்கும் குதிரைக்கு இரும்பு, அதோடு கார்பைடு ஆணி.

எதைப் போட்டாலும் வேகம் அதைவிடப் பெரிது. தாரில் நடை, சமதளத்தில் சிறிது தூரம் ட்ராட் எனும் மெல்லோட்டம்; கேன்டர் எனும் பாய்ச்சல் கூடவே கூடாது. மறுநாள் காலை குளம்பில் கை வையுங்கள். குளம்புக்கு மேலுள்ள கணுவின் பின்னால் இருபுறமும் விரலை மென்மையாக அழுத்தினால் நாடி தெரியும். ஓய்வில் அது தேடித்தான் கிடைக்க வேண்டும். விரலைத் தட்டும் அளவுக்குத் துடித்து, குளம்பும் சூடாக இருந்தால் அன்று சவாரி கிடையாது. கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.