ஏஜென்சி ரோலா, கம்பெனி ரோலா?

பெங்களூரில் பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரே ஃபேக்டரியில் இரண்டு வழி திறக்கும். ஒன்று ஏஜென்சி பெயரில் கான்ட்ராக்ட். மற்றது கம்பெனி பெயரிலேயே ஓராண்டோ ஈராண்டோ கெடு வைத்த ஃபிக்ஸட் டெர்ம். கைக்கு வரும் சம்பளத்தில் பல நேரம் பெரிய வித்தியாசம் தெரியாது. பார்க்க வேண்டியது கிராஜுவிட்டியை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தரும் பணிக்கொடையை.

ஏஜென்சி ஆளுக்கு அது கிடைக்க ஒரே முதலாளியிடம் 5 ஆண்டு வேண்டும். இரண்டு வருடத்துக்கொரு முறை ஏஜென்சி மாறும். அதே மெஷின், அதே ஷிஃப்ட், ஆனால் சேர்ந்த தேதி புதிது. கணக்கு மறுபடி பூஜ்யம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள புதிய தொழிலாளர் சட்டங்களின்படி ஃபிக்ஸட் டெர்ம் ஆளுக்கு ஓராண்டே போதும். மாத ஊதியம் 18,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள்: வருடத்துக்கு சுமார் 10,385 ரூபாய். அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள சம்பளமும் சலுகையும் உண்டு. கெடு முடிந்து புதுப்பிக்காவிட்டால் மட்டும் ஆட்குறைப்பு நஷ்டஈடு கேட்க முடியாது.

ஏஜென்சி சம்பளம் தராமல் கம்பி நீட்டினால்? வேலை வாங்கிய கம்பெனிதான் தர வேண்டும். ஏஜென்சி லைசென்ஸ் எடுக்க வேண்டிய ஆள் வரம்பு 20 பேரிலிருந்து 50 ஆக உயர்ந்துவிட்டதால் சின்ன ஏஜென்சிகள் லைசென்ஸ் இல்லாமலே நடக்கும். ஆனால் ஊதியச் சட்டத்தில் கம்பெனியின் இந்தப் பொறுப்பு அப்படியே இருக்கிறது. அங்கேதான் வேலை பார்த்தோம் என்று காட்ட கேட் பாஸையும் வருகைப் பதிவையும் போட்டோ எடுத்து வையுங்கள். 'கான்ட்ராக்ட்டில் நுழைந்தால் பெர்மனன்ட் ஆகிவிடலாம்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். கான்ட்ராக்ட் முறையையே அரசு தடை செய்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சம்பளச் சீட்டில் ஒரு தில்லுமுல்லு உண்டு. பி.எஃப். ஊதியம் 15,000 என்றால் உங்களிடம் பிடிக்க வேண்டியது 1,800. சில ஏஜென்சிகள் முதலாளி பங்கையும் சேர்த்து 3,600 பிடிப்பார்கள், கேட்டால் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்பார்கள். பேசிய சம்பளத்திலிருந்து முதலாளி பங்கைக் கழிப்பது சட்டவிரோதம். ஈ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், 18,000-க்கு 135 ரூபாய்.

மூன்று நாலு மாத வேலைக்கு ஏஜென்சியே போதும். ஒரு வருடத்தைத் தாண்டும் என்றால் ஃபிக்ஸட் டெர்ம் ஆர்டரைக் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் பழைய யூ.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள். ஒரு மாதத்துப் பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-க்குள் கட்டியாக வேண்டும். அதற்கு ஒரு வாரம் கழித்து பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.