பழைய மாருதி 800-க்கு ஹெட் கேஸ்கட்: கிராஃபைட்டா, மெட்டலா?

என்ஜினின் சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி பிளாக், அதை மேலிருந்து மூடுவது ஹெட், இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். வண்டியை வீட்டிலேயே நிறுத்தி, நாமே ஹெட்டைக் கழற்றிக் கேஸ்கட் மாற்றுவது என்று முடிவாகிவிட்டால், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வரும் கேள்வி இது: கிராஃபைட் கேஸ்கட்டா, மெட்டல் கேஸ்கட்டா? என் வண்டி கார்புரேட்டர் காலத்து மாருதி 800. கோயம்புத்தூரில், வீட்டு போர்டிகோவில் வைத்துத்தான் வேலை செய்தேன். கிராஃபைட் போட்டேன். மறுபடி செய்ய நேர்ந்தாலும் இந்த வண்டிக்கு, இந்த இடத்தில், கிராஃபைட்தான் போடுவேன். பொருளாக எடை போட்டால் மெட்டல் கேஸ்கட் ஒரு படி மேல்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வீட்டில் செய்யும் வேலைக்கு எது பொருந்தும் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இங்கே விவரமாகப் போட்டுப் பார்க்கிறேன்.

கிராஃபைட் என்று கடைக்காரர்கள் சொல்வது, நடுவில் ஓர் இரும்புத் தகடு, இரு பக்கமும் கிராஃபைட் பூச்சு, சிலிண்டர் ஓட்டைகளைச் சுற்றி மடித்த தகட்டு வளையம் கொண்டது. கையில் எடுத்தால் கருப்பு ஒட்டும். ஓரத்தை நகத்தால் அழுத்தினால் லேசாக உள்வாங்கும். மெட்டல் என்பது எம்.எல்.எஸ். என்ற வகை: மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் தகடுகள் மூன்றோ அதற்கு மேலோ அடுக்கி, சிலிண்டரையும் தண்ணீர் ஓட்டைகளையும் சுற்றிப் புடைப்பு வரி அழுத்தி, மேலே மெல்லிய ரப்பர் பூச்சு கொடுத்திருப்பார்கள். அந்தப் புடைப்பு வரிதான் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளி அடைப்பைக் காக்கிறது.

விலையைப் பற்றி நீட்ட வேண்டாம். மெட்டல் கூடுதல், ஆனால் நாள் முழுக்க இறங்கிச் செய்யும் வேலையில் அந்த வித்தியாசத்தை வைத்து முடிவெடுப்பது சரியில்லை. ரேடியேட்டரில் ஊற்றினால் கசிவு அடைபடும் என்று விற்கும் பாட்டில் மருந்தை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. கசிவை அடைக்கும் அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ஏற்கெனவே சூடேறி கேஸ்கட் போன வண்டிக்கு அது ஆகாது. செம்புத் தகட்டு கேஸ்கட் பந்தய வண்டிக்காரர்களின் சமாச்சாரம், அதையும் விட்டுவிடலாம்.

மெட்டலுக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். இந்த 796 சி.சி. என்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 30 செ.மீ. நீளமுள்ள துண்டு 80 டிகிரி சூடேறினால் அலுமினியம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயும், இரும்பு கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயும் நீளும். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பி நிறுத்தும்போதும் ஹெட்டும் பிளாக்கும் இப்படி வேறு வேறு அளவுக்கு இழுபட, நடுவில் மாட்டிய கேஸ்கட் உரசிக்கொண்டே இருக்கிறது. இந்த உரசலைத் தாங்குவதில் மெட்டல் கெட்டி. அதன் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொடுக்கும். டர்போ வைத்த என்ஜின், கம்ப்ரெஷன் அதிகமான டீசல் என்று அழுத்தம் கூடக் கூட அதன் அருமை கூடும். இன்றைய என்ஜின்களில் பெரும்பாலானவை கம்பெனியிலிருந்தே இந்த வகையோடு வருவதற்குக் காரணம் இதுதான். போல்ட்டை ஒருமுறை முறுக்கினால் போதும், மறுபடி தொட வேண்டாம். அடுத்த தடவை கழற்றும்போது பிய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் முழுசாக எழுந்து வரும்.

இவ்வளவு இருந்தும் நான் அதை எடுக்காததற்கு ஒரே காரணம், அது உட்காரும் பரப்பு.

மெட்டல் கேஸ்கட்டின் ரப்பர் பூச்சு மிக மெல்லியது. ஹெட்டிலோ பிளாக்கிலோ ஒரு கீறல், ஒரு குழி இருந்தால் அதை நிரப்பும் அளவுக்கு அதில் சதை கிடையாது. அதனால் பரப்பு கண்ணாடி போல வழவழப்பாக இருந்தாக வேண்டும். இந்த வழவழப்பை லேத்காரர்கள் ஆர்.ஏ. என்ற அளவில் சொல்வார்கள். எம்.எல்.எஸ்.-க்குப் பொதுவாக 0.8 மைக்ரான் அளவில் கேட்பார்கள், தாராளமான சில தயாரிப்புகள் 1.25 வரை ஒப்புக்கொள்ளும். கிராஃபைட் வகைக்கு 1.5 முதல் 2 மைக்ரான் வரை இருந்தாலும் பாதகமில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் அதற்குப் பிடிமானம். மென்மையான கிராஃபைட் அந்தச் சிறு பள்ளங்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

இதைப் படித்தவுடன், ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து ஃபேஸிங் (பரப்பை மெலிதாக வழித்து மட்டமாக்குவது) செய்துவிட்டால் முடிந்தது என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோவையில் பட்டறைக்கா பஞ்சம்? கணபதிப் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு லேத் ஓடுகிறது. இரண்டு பேர் ஸ்கூட்டரில் ஹெட்டைக் கொண்டுபோய் மாலையில் திருப்பி எடுத்து வந்துவிடலாம். ஆனால் பட்டறைக்காரர் ஹெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி வேறு: “இதை நான் வழிச்சுக் கொடுத்துருவேனுங்க தம்பி. அங்க வண்டியில நிக்கிற பிளாக் எப்படி இருக்குதுங்க?”

முழு விஷயமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கேஸ்கட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்தைத்தான் பட்டறைக்குத் தூக்கிப்போக முடியும். இன்னொரு பக்கம் வண்டியிலேயே நிற்கிறது. என்ஜினையே இறக்கி, முழுசாகப் பிரித்து, பிளாக்கையும் கிரைண்டிங்குக்குக் கொடுத்தால்தான் மெட்டல் கேட்கும் பரப்பு இரண்டு பக்கமும் கிடைக்கும். அது வேறு அளவு வேலை. வீட்டில் கேஸ்கட் மாற்றக் கிளம்பியவர்கள் அதற்குக் கிளம்பவில்லை.

சரி, என் பிளாக் எப்படி இருந்தது? நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற நேர்ச்சட்டத்தை வைத்து, அதன் அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தேன். எங்கும் நுழையவில்லை. சுஸுகி மேனுவல் சொல்லும் வளைவு வரம்பும் 0.05 மி.மீ.தான். ஆக, மட்டம் சரி. ஆனால் மட்டம் வேறு, வழவழப்பு வேறு. துணியால் துடைத்துவிட்டு டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால், தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி ஊசி குத்தினாற்போலத் துருக்குழிகள். இரண்டு சிலிண்டருக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய பட்டையில் பழைய கேஸ்கட்டின் வளையம் பதிந்த தடம். நகத்தை ஓட்டினால் லேசாகத் தட்டியது. கூலன்ட் ஊற்றாமல் பல வருஷம் போர்வெல் தண்ணீரிலேயே ஓடிய பழைய வண்டி எதைத் திறந்தாலும் ஏறக்குறைய இதுதான் நிலைமை. உப்புத் தண்ணீர் முதலில் அரிப்பது அலுமினிய ஹெட்டை. அந்தக் குழிகள் ஃபேஸிங்கில் போய்விடும். பிளாக்கில் உள்ளவை அப்படியே நிற்கும்.

இந்த இடத்தில் மெட்டல் கேஸ்கட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு ஓர் ஆசை வரும்: எமெரி பேப்பரைக் கட்டையில் சுற்றிப் பிளாக்கைக் கையாலேயே தேய்த்துவிடலாமே என்று. தயவுசெய்து வேண்டாம். கையால் தேய்த்தால் ஓட்டைகளின் விளிம்பு அதிகமாகத் தேயும், நடுப்பகுதி மேடாக நிற்கும். வழவழப்புக்காக மட்டத்தைக் கெடுத்துக்கொள்வோம். அதைவிட மோசம், உதிரும் அரத்தூள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் ஆயிலோடு கலந்து கிராங்க் பேரிங்குகளுக்குப் போனால் நல்ல என்ஜினே பாழாகும். டிரில்லில் மாட்டும் சொரசொரப்பு வட்டைகளுக்கும் இதே எச்சரிக்கை. கிராஃபைட் போடுவதென்றால் இந்த ஆசைக்கே இடமில்லை. பழைய கேஸ்கட் முழுசாகப் போய், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல், மட்டம் சரியாக இருந்தால் போதும்.

சுத்தம் செய்வது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், வேலையில் அதிக நேரம் பிடிப்பது அதுதான். பழைய வண்டியில் ஒட்டியிருக்கும் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதனால் உலர்வாகச் சுரண்டக் கூடாது. ஈரம் செய்து, முகத்துக்கு நல்ல மாஸ்க் போட்டு, பிளேடைப் படுக்கையாகப் பிடித்துச் சுரண்ட வேண்டும். கம்பி பிரஷ் வைத்த கிரைண்டரைக் கிட்டே கொண்டுவரவே கூடாது. அலுமினிய ஹெட்டில் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்தான் பத்திரம். மூன்று சிலிண்டர் என்பதால் பிஸ்டன்கள் மூன்றும் ஒரே உயரத்தில் நிற்காது. ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் ஓரத்தைச் சுற்றிக் கிரீஸ் தடவி, மேலே துணி அடைத்துவிட்டுச் சுரண்டினால் விழும் துகள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும், பிறகு வழித்தெடுத்துவிடலாம். தண்ணீர் ஓட்டைகளையும் ஆயில் வழியையும் அடைக்க மறக்கக் கூடாது.

போல்ட் ஓட்டைகள் இதைவிட முக்கியம். அடி மூடிய ஓட்டையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கும்போது போல்ட்டை முறுக்கினால், திரவம் போக வழியில்லாமல் பிளாக்கே விரிசல் விடக்கூடும். பழைய போல்ட் ஒன்றின் நுனியில் ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் இரண்டு கோடு அறுத்து, அதையே ஒவ்வொரு ஓட்டையிலும் கையால் ஏற்றி இறக்கினால் மரையில் படிந்த அழுக்கு அந்தக் கோட்டில் சேர்ந்து வெளியே வந்துவிடும். பிறகு காற்றடித்து உலர்த்த வேண்டும். டார்க் ரெஞ்சில் (குறித்த அளவு முறுக்கியதும் கிளிக் அடிக்கும் ஸ்பேனர்) நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உள்ள உராய்விலேயே போய்விடுகிறது. மரை அழுக்காக இருந்தால், ரெஞ்ச் சரியான அளவில் கிளிக் அடித்தும் ஹெட் இறுகியிருக்காது. இரண்டு வகை கேஸ்கட்டுக்கும் இது பொது.

கிராஃபைட்டின் குறை என்ன? அது அமுங்கும். முதல் சூட்டில் கொஞ்சம் தணிந்து, போல்ட் இறுக்கம் சற்றுக் குறையும். அதனால் பல பழைய மாதிரிகளுக்கு, வண்டியை ஓட்டிச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, ஹெட்டின் மேல்மூடியான ராக்கர் கவரைத் திறந்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அதே வரிசையில் மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். சில பாக்கெட்டுகளில் மறு இறுக்கம் தேவையில்லை என்றே அச்சிட்டிருக்கும். அப்படியானால் தொட வேண்டாம். நான் வாங்கியதற்கு மறு இறுக்கம் வேண்டியிருந்தது. எப்படியும் ஹெட்டை இறக்கி ஏற்றினால் வால்வ் கிளியரன்ஸை (வால்வுக்கு மேல் விடும் சிறு இடைவெளி) மறுபடி வைக்கத்தான் வேண்டும், இந்த என்ஜினில் அது ஸ்க்ரூவும் நட்டும்தான். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டேன். ஆகவே இந்தக் குறை எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு மாலை நேரத்தை இன்னொரு முறை ஒதுக்க முடியாதவர்களுக்கு இது நிஜமான குறைதான்.

ஆயுள் என்று பார்த்தால் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. என் வண்டி இப்போது தண்ணீர் குடிக்காமல் நன்றாக ஓடுகிறது, ஆனால் தினசரி ஊருக்குள் ஓடும் வண்டி அது. மலைப்பாதையில் சுமையோடு ஏறும் மாருதி ஆம்னி வேனுக்கு இதே முடிவு பொருந்துமா என்பதற்கு என் அனுபவம் போதாது. துருக்குழி விழுந்த பழைய பிளாக்கில் மெட்டல் கேஸ்கட்டை நானே போட்டுப் பார்த்ததும் இல்லை. மேலே சொன்னது, பொருளின் தன்மையும் பட்டறைக்காரர்களிடம் கேட்டதும் சேர்ந்து வந்த தீர்ப்பு.

கம்பெனியிலிருந்தே மெட்டல் கேஸ்கட்டோடு வந்த வண்டிக்குப் பேச்சே வேண்டாம், மெட்டல்தான். அந்த என்ஜின்களின் பரப்பும் போல்ட்டும் அதற்கென்றே அமைந்தவை. பல டீசல்களில் பிஸ்டன் எவ்வளவு மேலே எட்டிப் பார்க்கிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கட் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் கிடைத்ததைப் போட முடியாது. இறுக்கும்போதே சற்று நீளும் நீட்சி போல்ட் என்றால் அதையும் புதிதாக வாங்க வேண்டும். பழைய 800-லேயே போரிங், ரிங் என்று என்ஜின் முழுசாக இறங்கினால், பிளாக்கையும் கிரைண்டிங் கொடுத்துவிட்டு மெட்டல் போடுவதற்கு நானும் கை கொடுப்பேன்.

எதைப் போட்டாலும், பழையது ஏன் போனது என்று பார்க்காமல் ஹெட்டை மூடக் கூடாது. ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கலாம், ஃபேன் ஸ்விட்ச் நேரத்துக்கு வேலை செய்யாமல் இருக்கலாம், வாட்டர் பம்ப் கசியலாம், தெர்மோஸ்டாட்டை எந்தக் காலத்திலோ யாரோ கழற்றி எறிந்திருக்கலாம். என் வண்டியில் ரேடியேட்டரின் கீழ்ப்பாதி கையால் தொட்டால் ஆறிக்கிடந்தது, மேல்பாதி கொதித்தது, உள்ளே அடைப்பு. ரேடியேட்டரையும் மாற்றி, புது தெர்மோஸ்டாட் வைத்து, போர்வெல் தண்ணீரை நிறுத்திவிட்டு, சுத்திகரித்த தண்ணீரில் கலந்த கூலன்ட் ஊற்றினேன். முதல் சில வாரம் தினமும் காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். ஆயில் ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் தெரிகிறதா என்றும் பாருங்கள். மட்டம் இறங்கினால் வண்டியை ஓட்டாமல் முதலில் ஹோஸ் கிளிப்புகளைத் தடவிப் பாருங்கள், பாதி நேரம் கசிவு அங்கேதான் இருக்கும்.