பன்னிரண்டு பட்டை டயல்: ஒமேகா கான்ஸ்டலேஷன் 168.005

பழைய சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்றே ஒன்று வாங்கலாம், எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது 1960களில் வந்த ஒமேகா கான்ஸ்டலேஷன். அதிலும் 'பை பேன்' எனப்படும் ஓரம் சரிந்த டயல் கொண்டது. என்னிடம் இருப்பது 168.005 மாடல்: எஃகு கேஸ், வெள்ளி நிற டயல், 3 மணி இடத்தில் தேதி. உள்ளே இயந்திரத்தில் பொறித்த எண் 21இல் தொடங்குகிறது. ஒமேகா எண் வரிசைப்படி அது 1964ஐ ஒட்டி வரும்.

முதலில் டயல். இந்த வாட்ச்சின் உயிரே அதில்தான் இருக்கிறது. நடுப்பகுதி தட்டை. ஓரம் நெருங்கும்போது 12 பட்டைகளாகப் பிரிந்து கீழே சரிகிறது, ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல். கையை லேசாகத் திருப்பினால் ஒரு பட்டை மங்கி அடுத்த பட்டை ஒளிரும். காலை வெயிலில் வெள்ளியாக இருப்பது, மாலையில் மஞ்சள் விளக்கின் கீழ் வெளிர் பொன் நிறத்துக்கு வந்துவிடும். எண்கள் கிடையாது, ஒட்டிவைத்த மெல்லிய உலோகக் கோடுகள், நீண்ட மெலிந்த முட்கள், 6 மணிக்கு மேலே ஒரு சிறு நட்சத்திரம். அவ்வளவுதான். ஆனால் எல்லா 168.005க்கும் இந்த டயல் இல்லை. பட்டை இல்லாமல் லேசாக வளைந்த டயலோடும் நிறைய வந்தன. அவையும் நல்ல வாட்ச்களே. இருந்தாலும் பட்டை டயலைக் கையில் கட்டிப் பழகிய பிறகு எனக்கு மற்றது போதவில்லை.

வாட்ச்சைக் கழற்றித் திருப்பினால் பின்மூடியில் ஒரு பதக்கம். விண்மீன்களுக்குக் கீழே ஒரு வானாய்வுக் கூடம். அந்த எட்டு நட்சத்திரங்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. இங்கிலாந்தில் கடிகாரங்களின் துல்லியத்தை அளக்கும் கியூ-டெடிங்டன் சோதனைகளில் 1933இலும் 1936இலும் ஒமேகா வைத்த இரண்டு சாதனைகள், 1945க்கும் 1952க்கும் இடையே ஜெனீவாவில் வென்ற ஆறு முதலிடங்கள், ஆக எட்டு. 1936இல் பெற்ற மதிப்பெண் 100க்கு 97.8. போட்டிக்குப் போகும் கடிகாரங்களைத் தேர்ந்த கைகள் நாள்கணக்கில் உட்கார்ந்து திருத்தும். கடையில் விற்பது அதுவல்ல. கான்ஸ்டலேஷனை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். துல்லியத்தைப் போட்டி மேடையோடு நிறுத்திவிடாமல், அதைக் காசு கொடுத்து வாங்குகிறவன் கைக்குக் கொண்டுவர முயன்ற வாட்ச் இது.

நிறுவனத்தின் நூற்றாண்டுக்கு 1948இல் 'சென்டினரி' என்று குறைந்த எண்ணிக்கையில் ஒரு ஆட்டோமேட்டிக் குரோனோமீட்டர், அதாவது துல்லியச் சோதனையில் தேறிய வாட்ச், செய்தார்கள். அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, 1952இல் தொடர் தயாரிப்பாகவே கான்ஸ்டலேஷனைக் கொண்டுவந்தார்கள். டயலில் இருக்கும் 'அதிகாரபூர்வமாகச் சான்றளிக்கப்பட்ட குரோனோமீட்டர்' என்ற வரி சும்மா எழுதியதல்ல. சுவிஸ் அரசு ஏற்ற சோதனை அலுவலகங்களில் பல நிலைகளில், வெவ்வேறு வெப்பநிலைகளில் ஓடவிட்டுப் பார்த்து, தேறிய இயந்திரங்களுக்கு மட்டும் சான்று தருவார்கள். இந்தச் சான்றைத் தருவதாக இன்று நாம் கேள்விப்படும் காஸ்க் அமைப்பு 1973இல்தான் வந்தது. என் வாட்ச் அதைவிட மூத்தது.

முதல் கான்ஸ்டலேஷன்களில், கை அசைவில் ஆடிச் சாவி ஏற்றும் எடைத்தகடு முழு வட்டம் சுற்றாது. இரண்டு பக்கமும் சுருள்வில்லில் மோதித் திரும்பும். அந்த மெல்லிய மோதல் மணிக்கட்டில் தெரியும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். என்னுடையதில் இருப்பது அதற்குப் பிந்தைய 561 என்ற இயந்திரம். முழுச் சுற்று ரோட்டர், எந்தப் பக்கம் சுற்றினாலும் சாவி ஏறும். உராய்வைக் குறைக்கும் 24 கல், மணிக்கு 19,800 துடிப்பு, முழுச் சாவியில் கிட்டத்தட்ட 50 மணி நேரம் ஓடும். ஒமேகா அந்தக் காலத்தில் தன் இயந்திரங்களுக்குக் கொடுத்த செம்பு நிறப் பூச்சு அறுபது வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்வான் நெக் எனப்படும் வளைந்த எஃகு வில்லும் ஒரு குட்டித் திருகும் உண்டு. கைதேர்ந்த மெக்கானிக் அந்தத் திருகை மயிரிழை அளவு நகர்த்தி நேரத்தைப் பிடிப்பதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் இந்த வாட்ச்சைப் பற்றிப் பேசுவதே பாதிப் பேச்சுதான். சர்வீசுக்குப் பிறகு என்னுடையது நாளுக்கு ஐந்தாறு வினாடி வேகமாகப் போகிறது. இந்த வயதில் அது பெரிய விஷயம்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு. டயலை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. நம் நாட்டுச் சந்தையில் கிடைக்கும் பழைய ஒமேகாக்களில் நிறைய டயல்கள் மறுபடி பெயின்ட் அடித்தவை. பளபளவென்று இருக்கும், ஆனால் பட்டைகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். எழுத்துகள் தடித்திருக்கும், வரிகள் நேராக நிற்காது, நிமிடக் கோடுகள் ஒன்று நீளம் ஒன்று குட்டை, கீழ் விளிம்பில் 'ஸ்விஸ் மேட்' காணாமல் போயிருக்கும். புள்ளி விழுந்து லேசாக மஞ்சளித்த ஒரிஜினல் டயலை நான் தயங்காமல் எடுப்பேன். புதுப்பித்த டயலைச் சும்மா கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். அடுத்தது லக், வார் மாட்டும் கொம்புகள். முழங்கால்போல் மடிந்து இறங்கும் அதன் முனைகள் கூராக இருக்க வேண்டும். பாலிஷ் போட்டுப் போட்டு உருண்டுபோன லக்கை எந்தக் காசாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அப்புறம் பின்மூடிப் பதக்கம்: வானாய்வுக் கூடத்தின் கோடுகள் தேய்ந்திருந்தால் கேஸை நிறையத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கிரவுன், அதாவது பக்கவாட்டில் இருக்கும் சாவிக் குமிழ், பத்துப் பட்டையாக இருப்பது நல்ல அடையாளம். பிளாஸ்டிக் கண்ணாடியின் நடு மையத்தில், லென்ஸ் வைத்தால் மட்டும் தெரியும் ஒரு துளி ஒமேகா சின்னமும் இருக்க வேண்டும். ஆனால் கண்ணாடி மாற்றக்கூடியது, அதற்காக நல்ல வாட்ச்சை விட்டுவிடாதீர்கள்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. தேதியை நேரடியாக மாற்ற முடியாது. முள்ளை நள்ளிரவு தாண்ட வைத்து, ஒன்பது மணி வரை பின்னால் கொண்டுபோய், மறுபடி தாண்ட வைக்க வேண்டும். நாலு நாள் கழற்றி வைத்தால் நாலு முறை இதே வேலை. தண்ணீர் படவே கூடாது. அந்தக் காலத்து ரப்பர் வளையங்களை நம்பிக் கை கழுவும்போது கவனம் தவறினால் போவது டயல். 35 மில்லிமீட்டர் அகலம் சிலருக்குச் சிறிதாகத் தோன்றலாம். எனக்கு அதுவே சரியான அளவு: முழுக்கைச் சட்டையின் கஃப் இதன் மேல் தடங்கல் இல்லாமல் இறங்குகிறது. 18 மில்லிமீட்டர் வார் எங்கும் கிடைக்கும். கறுப்பைவிட அடர் பழுப்புத் தோல் இந்த வெள்ளி டயலுக்குப் பொருந்தும்.

இதே கேஸில் தேதி இல்லாத 167.005 உண்டு, 551 இயந்திரத்தோடு. 1966 வாக்கில் வந்த 564 இயந்திரத்தில் கிரவுனை இழுத்தே தேதியை மாற்றலாம். தினமும் கட்டப் போகிறவர் 564 உள்ளதைத் தேடட்டும், வசதி அதில்தான். எனக்கு மறுபடி வாங்கும் வாய்ப்பு வந்தால் 167.005 எடுப்பேன். தேதிச் சன்னல் இல்லாததால் 12 பட்டைகளும் முழுசாக இருக்கும்.